அடிக்காசு கொடுப்பவரும் காரை நிறுத்துபவரும்

எங்கள் சின்னம்மா காலை 4.30 மணிக்கெல்லாம் தள்ளுவண்டியைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். இட்லி, பொங்கல், வடகறி. முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடம் அது. ஒப்பந்தத் தொழிலாளர்கள், ஐடிஐ முடித்துவிட்டு அப்ரண்டிஸாக இருக்கும் பையன்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள், விடுதியில் தங்கி வேலைக்குப் போகும் பெண்கள் என்று எல்லாரும் அந்த வண்டியைச் சுற்றி நின்றுதான் சாப்பிடுவார்கள். ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்சாலை வழித்தடத்தில் உள்ள ஓர் ஊர் அது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் சிக்கல் எனக்கு வராது, அவருக்குத்தான் வரும்.

14 ஆண்டுகளாக அவர் அங்கே நிற்கிறார். தினமும் அடிக்காசு கொடுக்கிறார். குத்தகை எடுத்தவரின் ஆள் வந்து காசு வாங்கிக்கொண்டு சீட்டு கிழித்துக் கொடுப்பார். ஆரம்பத்தில் 10 ரூபாய், இப்போது 30 ரூபாய். சராசரியாக 20 ரூபாய் என்றும், ஆண்டுக்கு 300 நாள் என்றும் வைத்துக்கொண்டால் இதுவரை 84,000 ரூபாய் கட்டியிருக்கிறார்.

ஒரு நாள் அங்கே வெள்ளைக் கோடு போட்டார்கள். கார் நிறுத்துமிடம் என்று நீலப் பலகை நட்டார்கள். இரண்டு நாளில் வண்டியை எடுத்துவிட வேண்டும் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. காருக்குக் கட்டணமும் இல்லை. சின்னம்மா என்னிடம் கேட்டார்: "நீதான் பெரிய படிப்பு படிக்கிறியே, சொல்லுடா. காசு குடுத்து நிக்கிறவ போவணுமாம். காசு குடுக்காம நிக்கிற காரு இருக்கலாமாம். இது எந்த ஊர் நாயம்?"

என் முனைவர் பட்ட ஆய்வு தொழிற்சாலை வேலைக்கும் நிலத்துக்கும் உள்ள உறவைப் பற்றியது. மூன்று ஆண்டுகளாகக் களத்தில் இருக்கிறேன். ஆனாலும் பார்க்கிங் என்பது ஆய்வுக்குரிய பொருள் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை. அது போக்குவரத்துக் காவலர் பார்த்துக்கொள்ளும் சமாச்சாரம் என்றே நினைத்திருந்தேன். சின்னம்மாவின் கேள்விதான் என்னைத் திருப்பிப் பார்க்க வைத்தது.

நிலப் பங்கீடு

காரை நிறுத்துவது என்றால் என்ன? பொது நிலத்தில் ஒரு துண்டைத் தனியார் சொத்து ஒன்று சில மணி நேரம் வைத்துக்கொள்வது. ஒரு காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் என்பது வழக்கமான அளவு. ஏறக்குறைய 135 சதுர அடி. கார் உள்ளே வர, திரும்ப, வெளியேறத் தேவைப்படும் இடத்தையும் சேர்த்து 23 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 250 சதுர அடி என்று நகரத் திட்டமிடல் கணக்குப் போடுகிறது.

களப்பணியில் நான் போன ஓர் அறை 10 அடிக்கு 12 அடி. அதில் ஆறு பேர் இருந்தார்கள். மூன்று பேர் பகல் ஷிப்டு, மூன்று பேர் இரவு ஷிப்டு. அதனால் பாய் மூன்றுதான். 120 சதுர அடிக்கு ஆறு பேரும் சேர்ந்து மாத வாடகை கொடுக்கிறார்கள். அதைவிடப் பெரிய இடத்தைக் கடைத்தெருவின் நடுவில், ஊரிலேயே விலை உயர்ந்த மண்ணில், ஒரு காருக்கு இலவசமாகக் கொடுக்கிறோம். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் போக்குவரத்துச் சீரமைப்பு.

கார் யாரிடம் இருக்கிறது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 4.7 விழுக்காட்டினரிடம்தான் கார் இருந்தது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்விலும் அது பத்து விழுக்காட்டை எட்டவில்லை. பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களை மட்டும் எடுத்தால் இன்னும் குறைவு. ஆகவே கடைத்தெருவில் கார் நிறுத்த இடம் ஒதுக்கும் ஒவ்வொரு தீர்மானமும் பொது நிலத்தை மேலே உள்ள சிலருக்கு எழுதிக் கொடுக்கும் தீர்மானம். அதில் சாதியின் பெயர் இருக்காது. சாதியின் பெயரை எழுதாமலேயே சாதிக்குச் சாதகமான வேலையைச் செய்ய முடியும் என்பதுதான் இதன் வசதி.

நெரிசல் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் சிக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர்களுக்குச் சரக்கு இறக்க இடம் வேண்டும், மாற்றுத்திறனாளிகளின் வண்டிக்கு இடம் வேண்டும். என் கேள்வி, நெரிசலுக்குக் காரணம் யார் என்று எப்படி முடிவு செய்கிறார்கள் என்பது. ஒரு தள்ளுவண்டி நிற்கும் இடத்தில் காலை நேரத்தில் நூறு பேர் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அதே இடத்தில் ஒரு கார் நின்றால் ஒருவரோ இருவரோ இறங்கிக் கடைக்குப் போகிறார்கள். பிறகும் அகற்ற வேண்டிய ஆக்கிரமிப்பு என்று கோப்பில் எழுதப்படுவது தள்ளுவண்டிதான்.

தெரு என்பது இங்கே பழைய வழக்கு

தெருவில் யார் நடக்கலாம், யார் நிற்கலாம் என்பதை நம் நாட்டில் யாரும் வெறும் பொறியியல் கேள்வியாக வைத்திருந்ததில்லை. 1924இல் சென்னை சட்டமன்றத்தில், பொதுச்சாலைகளிலும் தெருக்களிலும் ஒடுக்கப்பட்டோர் நடக்கவும், பொதுக் கிணறு, குளங்களைப் பயன்படுத்தவும் தடையில்லை என்று தீர்மானம் வந்தது. அந்த உரிமைக்காக அங்கே வாதாடியவர்களில் முதன்மையானவர் இரட்டைமலை சீனிவாசன். அவர் பிறந்த கோழியாளம் மதுராந்தகம் பக்கம், பழைய செங்கல்பட்டு மாவட்டம். ஸ்ரீபெரும்புதூரும் அன்று அதே மாவட்டம்தான். நம் மண்ணின் ஆள் ஒருவர், தெருவில் நடப்பதற்கே சட்டமன்றத்தில் தீர்மானம் வேண்டியிருந்தது என்பதை நமக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

உள்ளாட்சியின் தீர்மானம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு மகாத் நல்ல சாட்சி. 1923இல் பம்பாய் சட்டமன்றம் பொது நீர்நிலைகள் தீண்டப்படாதோருக்கும் திறந்தவை என்று தீர்மானித்தது. 1924 ஜனவரியில் மகாத் நகராட்சி அதை ஏற்றுச் சவுதார் குளத்தைத் திறந்துவிடத் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது, குளத்தில் யாரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் மக்களோடு ஊர்வலமாகப் போய் அந்தத் தண்ணீரைக் குடித்தார். அதற்குப் பிறகு நடந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் பழைய தீர்மானத்தையே ரத்து செய்தது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய், குளம் எல்லாருக்கும் பொது என்ற இறுதித் தீர்ப்பு 1937 மார்ச்சில்தான் வந்தது. ஒரு சின்ன நகராட்சி கூட்டம் போட்டு ஒரு பக்கத்தில் எழுதிய வரிகளை மாற்றப் பத்தாண்டு வழக்கு நடத்த வேண்டியிருந்தது.

நம் பக்கத்தில் நல்ல உதாரணமும் இருக்கிறது. ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார் இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. பேருந்தை யார் ஓட்டுவது, எந்தத் தடத்தில் ஓட்டுவது என்று பார்ப்பதுதான் அந்தப் பதவியின் வேலை. அந்தச் சாதாரண நிர்வாக வேலையைச் சாதி ஒழிப்பு வேலையாகச் செய்ய முடியும் என்று அவர் காட்டினார். உரிமம், கட்டணம், குத்தகை, இட ஒதுக்கீடு என்று அலுப்பூட்டும் சொற்களுக்குள்தான் உள்ளாட்சியின் அதிகாரம் இருக்கிறது. அந்தச் சொற்களை நாம் படிக்காமல் விட்டால், படித்தவர்கள் தங்களுக்கு வேண்டியபடி எழுதிக்கொள்வார்கள்.

சாலையே கிடங்காக

எங்கள் பகுதிக்கு வருகிறேன். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியா வந்தது, 2014இல் மூடிவிட்டுப் போனது. ஒரகடம் பக்கம் ரெனோ-நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங்கும் ஃபாக்ஸ்கானும். நிலம் வைத்திருந்தவர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கூலி வேலை செய்தவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. பணம் வந்தவர்கள் வீடு கட்டி வாடகைக்கு விட்டார்கள், வேன் வாங்கினார்கள், தண்ணீர் லாரி விட்டார்கள், ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒப்பந்தமும் கழிவுப் பொருள் எடுக்கும் ஒப்பந்தமும் பிடித்தார்கள். நிலம் போனாலும் நில உறவு போகவில்லை. அது குத்தகையாகவும் ஒப்பந்தமாகவும் மாறியிருக்கிறது. வண்டி ஸ்டாண்டு ஏலம், சந்தை ஏலம், அடிக்காசு ஏலம் எல்லாவற்றுக்கும் முன்பணம் கட்ட வேண்டும். அந்தப் பணம் யாரிடம் இருக்கும் என்பதை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்த வழித்தடத்தில் மிகப் பெரிய இலவச பார்க்கிங் கடைத்தெருவில் இல்லை, நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. ட்ரெய்லர்களும் கன்டெய்னர் லாரிகளும் தொழிற்சாலை வாசல் திறக்கும் வரை வரிசையாக நிற்கும். உதிரிபாகத்தை உள்ளே சேமித்து வைக்காமல், தேவைப்படும் நேரத்தில் மட்டும் உள்ளே வாங்கிக்கொள்வது இன்றைய வாகன உற்பத்தி முறை. கிடங்குச் செலவு நிறுவனத்துக்கு மிச்சம். ஆனால் சரக்கு எங்கேயாவது இருந்துதானே ஆக வேண்டும்? அது லாரிக்குள் இருக்கிறது, லாரி சாலையில் நிற்கிறது. நம்முடைய சாலை அவர்களுடைய கிடங்கு. அந்த லாரியின் ஓட்டுநர் இரண்டு நாள்கூட அங்கேயே கிடப்பார். அவருக்குக் கழிப்பறை இல்லை, குளிக்கத் தண்ணீர் இல்லை. அவரைக் குற்றம் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை.

என்னோடு பத்தாம் வகுப்பு வரை படித்தவன் ஒருவன். ஒப்பந்தத் தொழிலாளி. 2019இல் இரண்டாம் ஷிப்டு முடிந்து, நள்ளிரவைத் தாண்டி பைக்கில் வந்துகொண்டிருந்தான். விளக்கு இல்லாமல், பின்னால் ஒளிரும் பட்டை இல்லாமல் நின்றுகொண்டிருந்த ட்ரெய்லரில் மோதினான். அவனுக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. வேலை நேரம் முடிந்து நடந்த விபத்து என்பதால் நிறுவனம் பொறுப்பில்லை என்றது. ஒப்பந்ததாரர் ஒரு மாலையும் 10,000 ரூபாயும் கொடுத்தார். அந்த லாரி ஏன் அங்கே நின்றது, யாருடைய சரக்குக்காக நின்றது என்று கேட்பதற்கு எந்தக் காகிதத்திலும் இடம் இல்லை. அவன் பெயருக்கு நேரே அதிவேகம், கவனக்குறைவு என்று எழுதப்பட்டது.

சரக்கு சாலையில் நிற்பதை யாரும் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்று சொல்வதில்லை. மனிதர்கள் நின்றால் சொல்கிறார்கள். 2021 டிசம்பரில் விடுதி உணவால் உடன் பணிபுரிந்தவர்கள் நோயுற்றபோது ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். காவல்துறை வந்தது, கைது நடந்தது. 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தனியார் இடத்தில் போட்டிருந்த பந்தலைக்கூட அக்டோபரில் காவல்துறை அகற்றியது. இரும்புப் பெட்டி இரண்டு நாள் நிற்கலாம். அதற்குள் இருக்கும் பொருளைச் செய்தவர்கள் உட்காரக்கூடாது. இதையும் நிறுத்துமிடக் கொள்கையின் ஒரு பகுதியாகத்தான் நான் படிக்கிறேன்.

நம் பையன்களின் வண்டி

இந்த இடத்தில் நமக்குள்ளேயே பேச வேண்டிய ஒன்று உண்டு. வாகனங்களைக் குறைப்போம், நடப்போம், சைக்கிள் ஓட்டுவோம் என்று நகரத்தின் முற்போக்காளர்கள் சொல்வதை நான் மதிக்கிறேன். 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே சாலை இடத்தைப் பங்கிடும்போது வாகனத்தைவிட மனிதரை முன்வைக்க வேண்டும் என்கிறது. நிறுத்தும் கட்டணம் அந்த நிலத்தின் உண்மையான மதிப்பைக் காட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. எனக்கு அதில் உடன்பாடுதான்.

ஆனால் எங்கள் தெருவில் பைக் என்பது வேறு பொருள். செருப்புப் போட்டு நடக்காதே, சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்று சொல்லப்பட்ட தெருக்களின் வழியாக எங்கள் அப்பா தலைமுறை வளர்ந்தது. மாதத் தவணையில் வாங்கிய பைக்கில் ஒரு பையன் அதே தெரு வழியாக நிமிர்ந்து போவதை வெறும் கரியமில வாயுக் கணக்கில் மட்டும் எழுத முடியாது. இரவு 1 மணிக்கு ஷிப்டு முடிந்தால் அவனுக்குப் பேருந்தும் கிடையாது. பெரும்பாலான ஒப்பந்தத் தொழிலாளிகளுக்குக் கம்பெனி பஸ்ஸும் கிடையாது.

என் வண்டியில் அம்பேத்கர் படம் ஒட்டியிருக்கிறேன். ஒரு நாள் கடைத்தெருவில் ஒரு கடையின் பக்கவாட்டில் நிறுத்தினேன். "இங்க நிறுத்தாதப்பா, அங்கால போ" என்றார் கடைக்காரர். என் வண்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பைக் நின்றது, வேறொரு சாதித் தலைவரின் படத்தோடு. அது காலையிலிருந்து நிற்கிறது என்று எதிரே பூக்கட்டும் அக்கா பிறகு சொன்னார். அறிவிப்புப் பலகை எதுவும் அங்கே இல்லை. யார் நிறுத்தலாம் என்பதைப் பலகை சொல்லாத இடத்தில் சாதி சொல்கிறது. ஆகவே நிறுத்துமிடத்துக்கு எழுத்து வடிவ விதியே வேண்டாம் என்பதும் நமக்கு உதவாது. விதி வேண்டும். அது யாருக்காக என்பதுதான் கேள்வி.

இப்போதுள்ள விதி எப்படி இருக்கிறது? பூட்டுப் போடுவதும் அபராதம் எழுதுவதும் முதலில் பைக்குக்குத்தான். ஒரு காரின் இடத்தில் ஐந்தாறு பைக் நிற்கும். கட்டணம் வாங்கும் ஸ்டாண்டும் பைக்குக்குத்தான் இருக்கிறது. தொழிலாளி காலையில் வண்டியை விட்டுவிட்டுக் கம்பெனி பஸ் ஏற, ஷிப்டு ஒன்றுக்குக் காசு கொடுக்கிறான். கோடு போட்ட இடத்தில் காரை விட்டவர் காசு கொடுக்காமல் போகிறார். என் சின்னம்மாவின் கேள்வி அவனுக்கும் பொருந்தும்.

பாண்டி பஜார் சொல்லும் பாடம்

சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரைப் பலரும் முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். 2019 நவம்பரில் அங்கே சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. காருக்கான இடத்தைச் சுருக்கி, நடப்பவருக்கு அகலமான பாதை கொடுத்தார்கள். குழந்தைகளும் முதியவர்களும் அங்கே அச்சமின்றி நடப்பதைப் பார்த்தால் மகிழ்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் அதற்கு ஆறு ஆண்டுக்கு முன்பே, 2013இல், அந்தத் தெருவில் விற்றுக்கொண்டிருந்தவர்கள் பல தளக் கட்டடம் ஒன்றுக்குள் கொண்டுபோய் வைக்கப்பட்டார்கள். தெருவில் போகிறவர் கண்ணில் படுவதை வைத்துப் பிழைப்பவரை மாடிக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று வியாபாரம் தெரிந்தவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தெரு அழகானது, அங்கே பிழைத்தவர்கள் தெருவில் இல்லை.

அந்தத் தெருவின் அதிகாரப்பூர்வப் பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. பேருந்தில் ஏற மறுக்கப்பட்டவர்களை ஏற்ற உத்தரவிட்ட அதே சௌந்தரபாண்டியனார்தான். காரை அகற்றுவதோடு வேலை முடிந்துவிடாது என்பதை அவர் பெயர் தாங்கிய தெருவே சொல்கிறது. காலியாகும் இடத்துக்கு யார் வருகிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் தீர்மானம் எழுத வேண்டும்.

ஊர் என்றால் யார்

ஸ்ரீபெரும்புதூர் பேரூராட்சியாக இருந்து நகராட்சி ஆகியிருக்கிறது. இராமானுசர் பிறந்த ஊர், சட்டமன்றத்துக்குத் தனித்தொகுதி, உலகத்துக்கே கார் செய்து அனுப்பும் ஊர். இந்த வழித்தடம் முழுக்க வளர்ந்துகொண்டிருக்கிறது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 706.50 கோடி ரூபாய் செலவில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு வளாகம் திறக்கப்பட்டது. ஒரே வளாகத்தில் ஒரு சிறு நகரமே வசிக்கிறது. இந்தப் பெண்கள் விடுமுறை நாளில் எங்கே போவார்கள்? கடைத்தெருவுக்குத்தான். எங்கே உட்கார்வார்கள்? உட்கார இடம் இல்லை. கழிப்பறைக்கு எங்கே போவார்கள்? ஒரு கடைக்குள் போய்த் தேவையில்லாத பொருளை வாங்கிவிட்டுக் கெஞ்ச வேண்டும். எந்த ஊரின் நிறுத்துமிடத் திட்டமும் இவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை, ஏனென்றால் இவர்களிடம் கார் இல்லை. இவர்களில் பலரின் வாக்கு வேறு மாவட்டத்தில் இருக்கிறது. வடமாநிலத் தொழிலாளியின் வாக்கு வேறு மாநிலத்தில் இருக்கிறது. வாக்கு இல்லாதவரை உள்ளாட்சி மக்கள் என்று எண்ணுவதில்லை, கூட்டம் என்று எண்ணுகிறது.

பன்மைத்துவம் என்று நாம் பேசுகிறோம். விழா மேடையில் பல மொழிக்காரர்களை நிறுத்திப் படம் எடுப்பதோடு அது முடிவதில்லை. ஒரு தமிழ் தலித் பெண்ணின் தள்ளுவண்டியில் ஒரு ஒடியா பையனும், தருமபுரியிலிருந்து வந்த ஒரு பெண்ணும், ஓர் இருளர் முதியவரும் ஒரே நேரத்தில் தட்டை ஏந்தி நின்று சாப்பிடுவது எங்கள் ஊரில் தினமும் நடந்தது. தலித் கையால் சமைத்ததைச் சாப்பிட மறுப்பு இன்னும் இருக்கும் நாட்டில் அது சின்ன விஷயம் அல்ல. யாரும் திட்டமிட்டு உருவாக்காத அந்தப் பொதுவெளியை ஒரு டப்பா வெள்ளை பெயிண்ட் கலைத்துவிட்டது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடித்துச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அகற்றக் கூடாது. அகற்றுவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய பிரதிநிதித்துவம் வேண்டும். சின்னம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். "30 நாளா? எனக்கு ரெண்டு நாளு குடுத்தாங்களே" என்று சிரித்தார். இந்தக் குழுவைப் பற்றி அவரிடம் 14 ஆண்டில் ஒருவரும் சொன்னதில்லை. அடிக்காசு வாங்க வந்தவர் மட்டும் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

என்ன கேட்க வேண்டும்

2025 ஏப்ரலில் காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் தெருக்கள், குடியிருப்புகளின் சாதிப் பெயர்களை நீக்க அரசாணை வந்தது. இரண்டும் வரவேற்க வேண்டியவை. பெயர்ப் பலகையை மாற்றும் அதே உள்ளாட்சி, தெருவில் யாருக்கு எவ்வளவு இடம் என்பதையும் மாற்றி எழுத வேண்டும். அதற்கு நாம் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கடைத்தெருவில் எத்தனை சதுர அடி காருக்கு, எத்தனை பைக்குக்கு, எத்தனை வியாபாரிக்கு, எத்தனை நடப்பவருக்கு என்ற கணக்கை உள்ளாட்சி வெளியிட வேண்டும். வரவு செலவுக் கணக்கு போல நிலக் கணக்கு. இது வராமல் மற்றதைப் பேச முடியாது.

இரண்டாவது, கடைத்தெருவில் கார் நிறுத்தக் கட்டணம் வேண்டும். அந்தப் பணம் தனிக் கணக்கில் போய், நடைபாதை, பெண்களுக்கான கழிப்பறை, ஷிப்டு நேரப் பேருந்து நிழற்குடை ஆகியவற்றுக்கே செலவாக வேண்டும். தொழிலாளியின் பைக்குக்கு மாதச் சலுகைச் சீட்டு வேண்டும்.

மூன்றாவது, தொழிற்சாலைக்கு வரும் லாரிகள் நிற்கும் இடத்துக்கான செலவு தொழிற்சாலைகளுடையது. சிப்காட் வளாகங்களுக்குள்ளேயே கழிப்பறை, குளியலறை, ஓய்வறையோடு லாரி நிறுத்துமிடம் வேண்டும். இரவில் சாலையோரம் நிற்கும் ஒவ்வொரு லாரிக்கும் ஓட்டுநருக்கு மட்டும் அபராதம் எழுதாமல், சரக்கை வரவழைத்த நிறுவனத்தின் பெயரையும் எழுத வேண்டும்.

நான்காவது, நிறுத்துமிடத் தீர்மானம் எதுவும் நகர விற்பனைக் குழுவின் முன் வைக்கப்படாமல் நிறைவேறக் கூடாது. 2022 முதல் நகர்ப்புற உள்ளாட்சிகளிலும் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. ஊராட்சிகளில் கிராம சபை இருக்கிறது. அங்கே இதைப் பொருளாக வைக்க வேண்டும். வாக்கு இல்லாத தொழிலாளிகளும் பேச நேரம் ஒதுக்க வேண்டும்.

இதெல்லாம் பெரிய புரட்சி அல்ல என்று சில தோழர்கள் சொல்லக்கூடும். ஆணவக் கொலைகளுக்கும் வன்கொடுமைகளுக்கும் நடுவில் பார்க்கிங்கைப் பற்றி எழுத எனக்கும் முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பெண்ணின் 14 ஆண்டுப் பிழைப்பு இரண்டு நாளில் போனபோது அங்கே கத்தி இல்லை, கலவரம் இல்லை, திட்டுச்சொல்கூட இல்லை. இருந்தது ஒரு தீர்மான எண் மட்டும். அந்தத் தீர்மானம் நிறைவேறிய கூட்டத்தில் எதிர்த்துப் பேச ஒருவரும் இல்லை, ஏனென்றால் நம்மில் யாரும் அதைப் பொருட்படுத்திப் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை.

சின்னம்மா இப்போது 300 அடி தள்ளி, சாக்கடை ஓரத்தில் வண்டி போடுகிறார். கம்பெனி பஸ் அங்கே நிற்பதில்லை. பையன்கள் பஸ் வருவதற்கு முன் ஓடிப்போய்ப் பொட்டலம் வாங்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். நின்று சாப்பிடுகிறவர் யாரும் இல்லை. வியாபாரம் பாதியாகிவிட்டது. அடிக்காசு மட்டும் குறையவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு போட்டிருக்கிறேன். அந்தக் கோடு எந்தத் தேதியில், எந்தத் தீர்மானப்படி போடப்பட்டது, நகர விற்பனைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், அது எத்தனை முறை கூடியது என்று மூன்றே கேள்விகள். உங்கள் ஊர்க் கடைத்தெருவிலும் இப்படி ஒரு கோடு இருக்கும். அங்கே முன்பு யார் நின்றார்கள் என்று பக்கத்தில் பூ விற்பவரைக் கேளுங்கள். பிறகு இதே மூன்று கேள்விகளை எழுதி நீங்களும் மனு போடுங்கள்.